பழங்கால யூதர்களின் பாட்டும் ஆட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமத்தின் சங்கீத புத்தகத்தை நாள் தவறாமல் வாசிக்கிறவர்களிடம்கூட இதை யார் பாடினார்கள், எங்கே நின்று பாடினார்கள், கையில் என்ன கருவி இருந்தது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பாட்டு நம்மிடம் வந்துவிட்டது, பாடிய இடம் வரவில்லை. அந்த இடத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலும் எழுத்திலிருந்துதான். வேதாகமம் இருக்கிறது. அதற்கு அப்புறம் மிஷ்னா, அதாவது ரபிகள் என்ற யூத மத ஆசிரியர்களின் வாய்மொழிச் சட்டங்களைத் தொகுத்து கி.பி. 200 வாக்கில் முடித்த நூல். அதன்மேல் எழுந்த நீண்ட விவாதங்கள்தான் தல்மூத். எருசலேம் தேவாலயத்தை ரோமர்கள் கி.பி. 70-ல் எரித்துவிட்டார்கள், ஆகவே மிஷ்னா முடிந்தபோது தேவாலயம் போய் 130 வருஷம் ஆகியிருந்தது. அதில் ஏக்கம் கலந்திருக்கும், சில எண்களைப் பெரிதாக்கியும் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது, ஏனென்றால் அதில் பேசுகிறவர்களில் சிலர் நேரில் பார்த்தவர்கள். ரபி யோசுவா பென் அனனியா என்பவர் லேவியர், அதாவது தேவாலயப் பணிக்கென்றே ஒதுக்கப்பட்ட கோத்திரத்தார், பாடகர் வகுப்பில் பிறந்தவர், தேவாலயம் அழிந்த பிறகும் பல வருஷம் வாழ்ந்து கற்பித்தவர். அவர் ஒருநாள் தேவாலயக் கதவுகளைச் சாத்த உதவப் போனாராம். வாசல்காவலராக இருந்த லேவியர் அவரைப் பார்த்து, நீ திரும்பிப் போ, நீ பாடுகிறவர்களைச் சேர்ந்தவன், கதவு சாத்துகிறவர்களைச் சேர்ந்தவன் அல்ல என்று அனுப்பிவிட்டார். தல்மூத் சொல்லும் இந்தச் சின்னக் கதையே போதும், பாட்டு அங்கே எவ்வளவு கண்டிப்பாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட பணி என்று காட்ட.

இவை போக, ஆசாரியக் குடும்பத்தில் பிறந்த ஜோசிஃபஸ் என்ற முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இருக்கிறார். மண்ணிலிருந்து எடுத்த சிலைகள், நாணயங்கள், கல்வெட்டுகளும் உண்டு.

பலி செலுத்தும் இடத்தில் பாட்டு எதற்கு?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ஆராதனைக்கு அழகு சேர்க்கத்தான் பாட்டு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எருசலேமில் அப்படி இல்லை, பாட்டு பலியின் ஒரு பாகமாகவே இருந்தது.

தினமும் காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, சாயங்காலம் ஒரு ஆட்டுக்குட்டி, இது நிற்காத பலி. மிஷ்னா சொல்லும் முறை இப்படி: பலியின் துண்டுகள் பலிபீடத்தில் ஏறின பிறகு பானபலியான திராட்சரசத்தை ஊற்றுவதற்காக ஆசாரியர் குனிவார். பலிபீடத்தின் ஒரு மூலையில் நிற்கும் ஆசாரியரின் துணைத்தலைவர் கையிலிருக்கும் துணியை அசைப்பார். பென் அர்சா என்பவர் கைத்தாளத்தை ஓங்கி அடிப்பார். அந்தச் சத்தத்தோடு லேவியர் பாடத் தொடங்குவார்கள். பாட்டில் ஒவ்வொரு பகுதி முடியும்போதும் எக்காளம் ஊதப்படும், ஊதும்போதெல்லாம் முற்றத்தில் நிற்கும் ஜனங்கள் முகங்குப்புற விழுந்து பணிவார்கள். ரசம் ஊற்றுவது, தாளம், பாட்டு, எக்காளம், பணிவது எல்லாம் ஒரே கோவையாக நடக்கும்.

எந்த நாளில் எந்தச் சங்கீதம் என்பதும் முடிவாகியிருந்தது. ஞாயிறு 24, திங்கள் 48, செவ்வாய் 82, புதன் 94, வியாழன் 81, வெள்ளி 93, ஓய்வுநாளுக்கு 92. யூதர்கள் இன்றும் காலை ஜெபத்தில் இதே வரிசையில்தான் அன்றன்றைய சங்கீதத்தைச் சொல்கிறார்கள்.

பாட்டு இல்லாவிட்டால் பலி செல்லுமா என்றுகூட ரபிகள் விவாதித்தார்கள். செல்லாது என்றார் ரபி மேயிர். மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி எழுந்ததே, அதைக் கவனியுங்கள்.

இதில் ஒரு ஆச்சரியமும் இருக்கிறது. லேவியராகமம் முழுக்கத் தேடினாலும் பலியோடு பாடு என்ற கட்டளை ஒன்றும் கிடைக்காது. எண்ணாகமம் 10-ல் பலிகளின்மேல் எக்காளம் ஊதச் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். பாடகர் அணி வருவது நாளாகமப் புத்தகங்களில். தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்த பிறகு அதைத் தோளில் சுமக்கிற வேலை லேவியருக்கு இல்லாமல் போனது, அதற்குப் பதிலாகத்தான் பாடும் ஊழியம் வந்தது என்று நாளாகமம் விளக்குகிறது. நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு எழுதப்பட்டது, அதனால் அது காட்டும் ஒழுங்கில், திரும்பி வந்தவர்கள் கட்டிய இரண்டாம் தேவாலயத்தின் நடைமுறை நிறையக் கலந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது.

யார் வேண்டுமானாலும் பாடலாமா?

தேவாலயத்துக்குள் முடியாது. லேவியர் மட்டும், அதிலும் ஆசாப், ஏமான், எதுத்தூன் என்ற மூன்று வம்சங்கள். 1 நாளாகமம் 25-ன்படி பயிற்சி பெற்றவர்கள் 288 பேர், பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 வகுப்புகள். சீட்டுப் போட்டு முறை பிரித்தார்கள், அதில் பெரியவன் சிறியவன், ஆசான் மாணவன் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை.

மேடையில் எப்போதும் குறைந்தது 12 லேவியர் நிற்க வேண்டும், அதிகம் எத்தனை பேரும் நிற்கலாம் என்கிறது மிஷ்னா. ஐந்து வருஷப் பயிற்சி பற்றியும் ரபிகள் பேசுகிறார்கள். ஆசாரியருக்கு உடலில் ஊனம் இருந்தால் ஊழியம் செய்ய முடியாது. லேவியருக்கு ஊனம் தடையில்லை, தேவாலயத்தில் வயதும் தடையில்லை, குரல் கெட்டுப்போனால்தான் தடை. முழுக்க முழுக்கக் குரலை வைத்து முடிவாகிற ஊழியம்!

சிறுவர்களும் உண்டு. லேவியர் மேடைமேல் நிற்க, பையன்கள் கீழே தரையில் நிற்பார்கள், அவர்கள் தலை லேவியரின் கால்களுக்கு நடுவில் தெரியும். கருவி கிடையாது, வாயால் மட்டும் பாட வேண்டும், பாட்டுக்கு ருசி சேர்க்க. லேவியரை வாட்டுகிறவர்கள் என்று அந்தப் பையன்களுக்குப் பெயர் இருந்ததாம், அந்த மெல்லிய குரலுக்குப் பெரியவர்களின் தடித்த குரல் ஈடுகொடுக்காது என்பதால்.

பாட்டுக்குத் தலைவராக இருந்தவர் இகுராஸ் பென் லேவி. வாயில் பெருவிரலை வைத்து ஏதோ ஒரு வித்தை செய்வார், குரல் எழும்பும் வேகத்தில் பக்கத்திலிருக்கும் ஆசாரியர்கள் ஒரேயடியாகப் பின்னால் சாய்வார்கள் என்று தல்மூத் சொல்கிறது. அந்த வித்தையை அவர் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அதற்காக மிஷ்னா அவர் பெயரைக் குறைசொல்லிப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நியாயம்தான் என்பேன், தேவாலயம் போனபோது அவர் வித்தையும் கூடவே போய்விட்டது.

தேவாலயத்தின் கடைசி வருஷங்களில் லேவியப் பாடகர்கள் இரண்டாம் அகிரிப்பா ராஜாவிடம் போய், ஆசாரியரைப் போல நாங்களும் மெல்லிய சணல்நூல் அங்கி போட அனுமதி வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். இதைச் சொல்லும் ஜோசிஃபஸ் ஆசாரியர் ஆயிற்றே, அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னோர் சட்டத்தை மீறியதற்குத் தண்டனை வராமல் போகாது என்று எழுதிவிட்டார்.

என்னென்ன கருவிகள் இருந்தன? தம்புரு என்றால் நம் தம்புராவா?

இல்லை. தமிழ் வேதாகமத்தில் மிரியாம் கையில் எடுக்கும் தம்புரு உண்மையில் தோல் கருவி. எபிரெயத்தில் தோஃப். ஒரு வளையத்தில் தோலை இழுத்துக் கட்டி, ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுவது, கிட்டத்தட்ட நம் கஞ்சிரா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாவீதின் கருவி கின்னோர், தமிழில் சுரமண்டலம் என்று வருவது. இரண்டு கைகள் மேலே எழும்பி, அவற்றின் குறுக்கே ஒரு கட்டை, அதிலிருந்து கீழே பெட்டிவரை நரம்புகள். படங்களில் தாவீது மடியில் ஒரு பெரிய ஐரோப்பிய ஹார்ப்பை வைத்து வாசிப்பது போல வரைகிறார்களே, அது சரியில்லை. இன்னொன்று நெவெல், இது அதைவிடப் பெரியது. கின்னோருக்குப் பத்து நரம்பு, மீட்டுகோலால் வாசிப்பார்கள், நெவெலுக்குப் பன்னிரண்டு, விரலால் வாசிப்பார்கள் என்கிறார் ஜோசிஃபஸ். ரோமுக்கு எதிராக கி.பி. 132 முதல் 135 வரை நடந்த பார் கோக்பா கிளர்ச்சியில் அடித்த நாணயங்களில் இந்த நரம்புக் கருவிகளும் எக்காளங்களும் இருக்கின்றன. தேவாலயம் போய் அறுபது வருஷம் கழித்து, அதைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று போராடியவர்கள் காசில் போட்ட அடையாளம் இது.

தேவாலயத்தில் எத்தனை கருவி என்பதற்கும் மிஷ்னாவில் கணக்கு உண்டு: நெவெல் இரண்டுக்குக் குறையாமல் ஆறுக்கு மிஞ்சாமல், கின்னோர் ஒன்பதுக்குக் குறையாமல், அதற்குமேல் எத்தனையும், கைத்தாளம் ஒன்றே ஒன்று. குழல் வருஷத்தில் 12 நாள் மட்டும், பஸ்கா, பெந்தெகொஸ்தே, கூடாரப் பண்டிகை நாட்களில். அதுவும் செம்புக் குழல் கூடாது, நாணல் குழல்தான், அதன் ஓசை இனிமை என்பதால்.

தோஃப் என்ற அந்த மேளம் மட்டும் பட்டியலில் இல்லை. நாளாகமத்தில் தேவாலயத்து லேவியர் வாசிக்கும் கருவிகளிலும் அது இல்லை. அந்த மேளம் எங்கே ஒலித்தது என்பதைப் பெண்கள் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

ரபி யோசுவா சொன்னதாக ஒரு வாக்கு உண்டு. ஆட்டுக்கடா உயிரோடு இருக்கையில் அதற்கு ஒரு குரல், செத்த பின் ஏழு குரல். இரண்டு கொம்பில் இரண்டு எக்காளம், இரண்டு கால் எலும்பில் இரண்டு குழல், தோலில் மேளம், பெருங்குடலில் நெவெலுக்கு நரம்பு, சிறுகுடலில் கின்னோருக்கு நரம்பு. பலி கொடுக்கும் சமூகத்தில் இசை எதிலிருந்து செய்யப்பட்டது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எக்காளமும் கொம்பும் ஒன்றா?

வேறு வேறு. மோசேக்குச் செய்யச் சொன்ன இரண்டு எக்காளங்கள் வெள்ளித் தகட்டில் அடித்தவை, ஊதும் உரிமை ஆசாரியருக்கு மட்டும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், ஒடுங்கிய குழாய், முனையில் விரிந்த வாய் என்கிறார் ஜோசிஃபஸ். ரோமில் தீத்துவின் வெற்றி வளைவில் ஏழு கிளை விளக்குத்தண்டையும் அப்ப மேசையையும் வீரர்கள் தூக்கிப்போகும் சிற்பத்தில் இந்த எக்காளங்களையும் பார்க்கலாம்.

கொம்பு என்பது ஷோஃபார், ஆட்டுக்கடாவின் கொம்பு. புது வருஷத்துக்கும், ஐம்பதாம் வருஷமான யூபிலிக்கும் உரியது, எரிகோவைச் சுற்றி வந்தபோது ஊதியதும் இதுதான். மாட்டுக் கொம்பு கூடாது.

1968-ல் ஆலய மலையின் தென்மேற்கு மூலையில் பெஞ்சமின் மசார் தோண்டியபோது, மேலேயிருந்து விழுந்த ஒரு பெரிய கல் கிடைத்தது. அதில் 'ஊதும் இடத்துக்கு' என்ற பொருளில் எபிரெய எழுத்து வெட்டியிருந்தது. ஓய்வுநாள் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒரு ஆசாரியர் உயரத்தில் நின்று ஊரெல்லாம் கேட்க ஊதுவார் என்று ஜோசிஃபஸ் எழுதியிருப்பதோடு இது நன்றாகவே பொருந்துகிறது.

பெண்களுக்கு இதில் இடம் இருந்ததா?

நிறையவே இருந்தது, ஆனால் வேறு இடத்தில். வேதாகமத்தில் ஆட்டம் வரும் பெரும்பாலான இடங்களில் ஆடுகிறவர்கள் பெண்கள்தான். செங்கடலைக் கடந்ததும் மிரியாம் மேளத்தை எடுக்கிறாள், மற்றப் பெண்கள் எல்லாரும் ஆடிக்கொண்டே பின்னால் போகிறார்கள். யெப்தா ஜெயித்துத் திரும்புகையில் அவன் மகள் மேளத்தோடும் ஆட்டத்தோடும் எதிர்கொண்டு வருகிறாள், அந்த ஆட்டம்தான் அவளுக்குச் சாவாக முடிகிறது. கோலியாத்தைக் கொன்ற பிறகு ஊர் ஊராகப் பெண்கள் வெளியே வந்து, சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம் என்று முறைமுறையாகப் பாடினார்கள்.

இவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு மரபு தெரிகிறது. போர் முடிந்து ஆண்கள் திரும்பும்போது மேளம், ஆட்டம், அப்போதே கட்டிய பாட்டு மூன்றையும் கொண்டு வரவேற்பது பெண்களின் பொது உரிமை. கேரல் மேயர்ஸ் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இஸ்ரவேலிலும் அதைச் சுற்றிலும் தோண்டி எடுத்த சுடுமண் சிலைகளில் வட்ட மேளத்தை மார்போடு பிடித்திருக்கும் பெண்கள் பலர். அந்தப் பாட்டுக்கு அரசியல் பலமும் இருந்தது. ஆயிரம், பதினாயிரம் என்ற ஒரு வரி சவுலின் மனதை அன்றிலிருந்தே மாற்றிவிட்டது அல்லவா.

சங்கீதம் 68 தேவாலயத்துக்குப் போகும் ஊர்வலத்தைச் சொல்கிறது: முன்னால் பாடுகிறவர்கள், பின்னால் நரம்புக் கருவிக்காரர்கள், நடுவில் மேளம் தட்டும் இளம்பெண்கள். ஏமானுக்கு 14 மகன்களும் 3 மகள்களும் என்று நாளாகமம் எண்ணிச் சொல்கிறது. மிஷ்னா காட்டும் தேவாலய மேடையில் மட்டும் பெண்கள் இல்லை.

ஆனால் அதே மிஷ்னா இன்னொன்றையும் சொல்கிறது. ஆப் மாதம் 15-ம் தேதியிலும், இன்று யூதர்கள் உபவாசமிருக்கும் பாவநிவாரண நாளிலுமே எருசலேமின் பெண்கள் வெள்ளை உடை உடுத்தித் திராட்சத் தோட்டங்களில் போய் ஆடுவார்களாம். உடை எல்லாருக்கும் இரவல். இல்லாதவள் வெட்கப்படக்கூடாது என்பதற்காக, இருக்கிறவளும் தன்னுடையதை விட்டு இன்னொருத்தியிடம் வாங்கித்தான் உடுத்த வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

ரபிகள் காலத்தில் ஆண்கள் முன் பெண் பாடுவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. எல்லா ஊர் யூதர்களும் அதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிய பாட்டுகளை ஆண்களும் உட்கார்ந்து கேட்டார்கள்.

தாவீது அரைகுறை உடையில் ஆடினாரா? அதை வைத்து சபையில் ஆடலாமா?

சணல்நூல் ஏபோத்தைத் தரித்துக்கொண்டு முழுப் பலத்தோடும் ஆடினான் என்கிறது 2 சாமுவேல் 6. மெல்லிய புடவைச் சால்வையும் போட்டிருந்ததாக நாளாகமம் சேர்க்கிறது. ஏபோத் குட்டையான உடை, துள்ளிச் சுழன்று ஆடும்போது உடல் தெரிந்திருக்கும். அவர் மனைவி மீகாள் கோபத்தில் பேசியது அதைத்தான். ராஜா வேலைக்காரிகளின் கண்முன் மரியாதை கெட்டுப்போனார் என்பது அவள் குற்றச்சாட்டு, அவளோ சவுல் ராஜாவின் மகள். இன்னும் கீழாகவும் ஆகத் தயார் என்று தாவீது பதில் சொன்னார்.

சபையில் ஆடலாமா என்ற சண்டையில் இரண்டு பக்கமும் பாதியைத்தான் எடுக்கிறார்கள் என்பது என் கருத்து. தாவீது ஆடியது தெருவில், ஊர்வலத்தில், பெட்டி ஊருக்குள் வரும் நாளில். அதே தாவீதுதான் பெட்டிக்கு முன் நின்று ஒழுங்காகப் பாட லேவியரை நியமித்தவர் என்றும் வேதாகமம் சொல்கிறது. இரண்டும் ஆராதனை, இரண்டுக்கும் தனித்தனி இடம் இருந்தது.

பெரிய மனிதர்களும் ரபிகளும் ஆடுவார்களா?

ஆடுவார்கள், அதுவும் விடிய விடிய. கூடாரப் பண்டிகையில் சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றும் சடங்கு உண்டு. அதையொட்டிய இரவுக் கொண்டாட்டத்தைப் பார்க்காதவன் தன் வாழ்நாளில் சந்தோஷத்தையே பார்க்காதவன் என்று மிஷ்னா சொல்கிறது.

தேவாலயத்தில் 'பெண்கள் முற்றம்' என்ற பகுதியில் பொன் விளக்குத்தண்டுகள் நிறுத்துவார்கள், அவை 50 முழ உயரம் என்று தல்மூத் சொல்கிறது. ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு பொன் கிண்ணங்கள். இளம் ஆசாரியர்கள் ஏணி வைத்து ஏறி எண்ணெய் ஊற்றுவார்கள். ஆசாரியரின் பழைய கால்சட்டைகளையும் கச்சைகளையும் கிழித்துத் திரி செய்வார்கள். அந்த வெளிச்சம் எட்டாத முற்றம் எருசலேமில் இல்லையாம். பக்திமான்களும் பேர்பெற்ற பெரியவர்களும் கையில் தீப்பந்தங்களோடு ஆடுவார்கள். பதினைந்து படிகள், ஆரோகண சங்கீதங்கள் 120 முதல் 134 வரை பதினைந்து, அந்தப் படிகளில் லேவியர் எண்ணற்ற கருவிகளோடு நின்று வாசிப்பார்கள். சேவல் கூவும்போது இரண்டு ஆசாரியர்கள் மேல் வாசலில் நின்று எக்காளம் ஊதுவார்கள். பெண்கள் மேலேயிருந்து பார்க்கத் தனியாக மாடம் அமைத்தார்கள்.

ரபான் சிமியோன் பென் கமாலியேல், பெரிய குடும்பத்துத் தலைவர், எட்டுத் தீப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேலே எறிந்து பிடிப்பார், ஒன்றும் இன்னொன்றைத் தொடாது. அந்த நாட்களில் நாங்கள் தூக்கம் என்பதையே அறியவில்லை என்று நினைவுகூர்ந்தவர் மேலே பார்த்த அதே யோசுவா பென் அனனியா. ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து கொஞ்சம் கண்ணசருவார்களாம், அவ்வளவுதான்.

கல்யாணத்திலும் சாவிலும்?

கல்யாணத்தில் மணமகள் முன் எப்படி ஆடுவது, என்ன பாடுவது என்பது தல்மூத்தில் சட்டக் கேள்வி. ரபிகளில் இரண்டு பள்ளிகள் உண்டு. சம்மாய் பள்ளி, மணமகள் எப்படியிருக்கிறாளோ அப்படியே சொல்லிப் பாடு என்றது. இல்லேல் பள்ளி, எந்த மணமகளையும் அழகி, அருளுள்ளவள் என்றே பாடு என்றது, அதுவே நிலைத்தது. ரபி யூதா பார் இலாய் மிர்தா கிளையைக் கையில் வைத்து ஆடுவார். ராவ் சாமுவேல் மூன்று கிளைகளை எறிந்து பிடித்து ஆடினபோது, கிழவர் நம் மானத்தை வாங்குகிறார் என்று இன்னொரு ரபி முணுமுணுத்தாராம். சாமுவேல் இறந்தபோது அடக்கத்தில் நடந்த அதிசயத்தைப் பார்த்து அதே ரபி அந்தக் கிளை அவருக்கு உதவிவிட்டது என்று மெச்சினார்.

சாவு வீட்டில் குழலும் ஒப்பாரியும். எவ்வளவு ஏழையானாலும் மனைவி இறந்தால் இரண்டு குழலுக்கும் ஒரு ஒப்பாரிக்காரிக்கும் குறையக் கூடாது என்றார் ரபி யூதா. புலம்பல்காரிகளை வரவழையுங்கள் என்று எரேமியா சொல்வதும், யவீருவின் வீட்டில் இயேசு தாரை ஊதுகிறவர்களைப் பார்த்ததும் இதே வழக்கம்தான்.

சேலா என்றால் என்ன?

சங்கீதங்களில் 71 தரம் வருகிறது, ஆபகூக்கில் 3 தரம். பாடுகிறவர்கள் நிறுத்த வேண்டும், கருவிகள் மட்டும் ஒலிக்க வேண்டும், குரலை உயர்த்த வேண்டும் என்று பல கருத்துகள், எதுவும் முடிவாகவில்லை. இராகத்தலைவனுக்கு என்று தலைப்பிட்ட சங்கீதங்கள் 55. சில தலைப்புகள் ஏற்கெனவே ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டின் பெயராக இருக்கலாம், 22-ம் சங்கீதத்தின் தலைப்பில் உள்ள விடியற்காலைப் பெண்மான் மாதிரி.

தீர்க்கதரிசிகளுக்கு இசை எதற்கு?

தீர்க்கதரிசனம் வர. சவுல் சந்தித்த தீர்க்கதரிசிக் கூட்டத்துக்கு முன்னால் நரம்புக் கருவி, மேளம், குழல் எல்லாம் போயின. எலிசா கோபமாக இருந்தபோது ஒரு வாத்தியக்காரனை அழைத்து வரச் சொன்னார், அவன் வாசிக்கும்போதுதான் கர்த்தருடைய கை அவர்மேல் இறங்கியது.

பாபிலோனுக்குப் போன பாடகர்கள் என்ன ஆனார்கள்?

யூதப் பாடகர்களைப் பிடித்துப் போவது அதற்கும் முன்பே தொடங்கியது. கி.மு. 701-ல் எசேக்கியா ராஜாவிடம் வாங்கிய கப்பத்தில் பாடும் ஆண்களும் பெண்களும் இருந்ததாக அசீரிய ராஜா சனகெரிப்பின் கல்வெட்டே சொல்கிறது. பொன், வெள்ளியோடு சேர்த்துப் பாடகர்களையும் எண்ணி எடுத்துப் போனார்கள். சீயோன் பாட்டில் ஒன்றைப் பாடுங்கள் என்று பிடித்துப்போனவர்கள் கேட்கும் 137-ம் சங்கீதத்தை இதோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள்.

திரும்பி வந்தவர்களில் ஆசாப்பின் வம்சத்தார் 128 பேர் என்கிறது எஸ்றா. புதிய தேவாலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட நாளில் அவர்கள் கைத்தாளத்தோடு நின்றார்கள். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் அழுத சத்தமும் மற்றவர்களின் ஆனந்தச் சத்தமும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. பிற்பாடு பங்கு கொடுக்காமல் விட்டதால் பாடகர்கள் வயலுக்கு ஓடிப்போய்விட்டார்கள். நெகேமியா அதிகாரிகளைக் கடிந்துகொண்டு அவர்களைத் திரும்ப நிறுத்த வேண்டியிருந்தது. பாடுகிறவனும் சாப்பிட வேண்டுமே.

இவ்வளவு கருவிகள் இருந்தும் ஜெப ஆலயத்தில் ஏன் வாசிப்பதில்லை?

ஜெப ஆலயம் தேவாலயத்தின் நகல் கிடையாது, அங்கே பலி இல்லை, பலியோடு சேர்ந்த கருவி இசையும் இல்லை. அப்புறம் துக்கம் வந்தது. தேவாலயம் வீழ்ந்த அன்று லேவியர் மேடையில் நின்று 94-ம் சங்கீதத்தைப் பாடிக்கொண்டிருந்தார்கள், கடைசி வசனத்தை முடிக்குமுன் எதிரிகள் புகுந்துவிட்டார்கள் என்கிறது தல்மூத். ரோமத் தளபதி வெஸ்பாசியனின் யுத்தத்தில் மணமகனின் கிரீடத்தையும் கல்யாண மேளத்தையும் தடை செய்தார்கள். கருவி இசையை விட்டது துக்கம் காக்கும் ஒரு முறை, வேண்டுமென்றே ஏற்றுக்கொண்ட மௌனம். ஓய்வுநாள் சட்டமும் சேர்ந்துகொண்டது: நரம்பு அறுந்தால் கை தானாகச் சரிசெய்யப் போகும், அது வேலை, ஆகவே அன்று வாசிக்கக் கூடாது.

ஷோஃபார் மட்டும் உள்ளே தங்கியது, அதுவும் ஓய்வுநாளில் ஊதுவதில்லை. 1810-ல் ஜெர்மனியின் சேசன் நகரில் சீர்திருத்த யூதர்கள் ஜெப ஆலயத்தில் ஆர்கன் வைத்ததிலிருந்து இதைப் பற்றிப் பெரிய சர்ச்சை வளர்ந்தது. அது வெறும் ரசனைச் சண்டையாக இருக்கவில்லை, துக்கம் முடிந்துவிட்டதா இல்லையா என்ற கேள்வியும் அதில் இருந்தது.

அந்த ராகங்களை இன்று கேட்க முடியுமா?

லேவியர் பாடிய மெட்டு எழுதப்படவில்லை, ஆகவே இதுதான் தாவீது பாடிய ராகம் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். வேத வாசிப்புக்கான ராகக் குறிகளைத் திபேரியாவின் அறிஞர்கள் 9, 10-ம் நூற்றாண்டுகளில் செம்மைப்படுத்தி எழுதினார்கள். பிரெஞ்சு இசைக்கலைஞர் சுசான் ஆயிக்-வந்தூரா 1970-களில் அந்தக் குறிகளை வைத்தே ஆதி இசையை மீட்டுவிட்டதாகச் சொன்னார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

நம்பிக்கை தருவது வேறொரு வேலை. ஆபிரகாம் ஸ்வி இடெல்சோன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் தங்கி, ஏமன், பாக்தாத், பாரசீகம், மொராக்கோ என்று பல ஊர் யூதர்களின் பாட்டைப் பதிவு செய்து 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். ஏமன் யூதரின் சில மெட்டுகளுக்கும் பழைய ரோமச் சபைப் பாட்டுக்கும் ஒற்றுமை இருப்பதைக் காட்டினார். இரண்டுக்கும் பொதுவான மூலம் எருசலேம் என்பது அவர் முடிவு. அது முழுவதும் ஏற்கப்படவில்லை என்றாலும், குரல் வழியாகப் பழையது ஏதோ தங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேட்டுப் பார்க்க வேண்டுமானால் யாத்திராகமம் 15, செங்கடல் பாட்டிலிருந்து தொடங்குங்கள், பல சமூகங்களில் அதற்கென்றே தனி மெட்டு உண்டு. ஏமன் யூதர் வாசிப்பதை முதலில் கேளுங்கள், அப்புறம் கிழக்கு ஐரோப்பிய வழியில் வந்தவர்கள் வாசிப்பதை. எழுத்திலும் குறியிலும் வித்தியாசம் கிடையாது, ஆனால் ராகம் ஊருக்கு ஊர் மாறுவது முதல் வரியிலேயே காதில் விழும்.